சிற்றாறு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த நெல்லைச் சுற்றுலாக் கட்டுரை, முக்கூடற்பள்ளு என்ற பழைய சிற்றிலக்கியம் பாடிய ஊர் அம்பாசமுத்திரம் வட்டாரத்து முக்கூடல்தான் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது.

அந்த முக்கூடல் சீவலப்பேரி என்பது தாங்கள் அறியாததல்ல. குற்றாலத்தில் விழுந்த சிற்றாறு தென்காசி, கங்கைகொண்டான் வழியாக வந்து தாமிரபரணியோடு சேர்வது அங்கேதான். மூன்றாவது, கோதண்டராம ஆறு. கட்டுரையாளரின் முக்கூடலோ திருநெல்வேலிக்கு மேற்கே இருக்கிறது. சிற்றாறு அங்கே போய்ச் சேர வேண்டுமானால் தண்ணீர் மேட்டில் ஏற வேண்டும். (அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே, திருப்புடைமருதூரில், கடனாநதி கூடுகிறது.)

மதுரையிலிருந்து என் மைத்துனர் தங்கள் இணைப்பை மடித்து எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவரிடம் சிற்றாறு எங்கே என்று கேட்க, அவர் தென்காசி பஸ்ஸைக் கைகாட்டினாராம். "அத்தான், பேப்பரிலேயே போட்டிருக்கிறதே" என்று தொலைபேசியில் என்னிடம் சண்டை.

நான் சீவலப்பேரியில் பிறந்தவன். ஐப்பசி மழையில் சிற்றாறு செங்கலங்கலாக வந்து, பெரிய ஆற்றோடு ஒட்டாமல் சிறிது தூரம் தனியே ஓடுவதை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2018 புஷ்கரத்தின்போது தங்கள் நிருபரும் அங்கே வந்து முழுக்குப் போட்டார், எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அப்போது ஊர் இருக்கும் இடம் தெரிந்திருந்தது.

முன்பொரு முறை, 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தை வெள்ளைக்காரர்களின் கொடை என்று எழுதினீர்கள். சொந்தப் பணத்தைக் கொட்டிக் கொடுத்த மனிதரின் பெயர் பாலத்தின் மேலேயே இருக்கிறது. மறுப்பு எழுதினேன். அந்த வாரம் கடிதப் பக்கத்தை அல்வா விளம்பரம் தின்றுவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்திலும் தங்கள் செய்தியில் ஆறு நெல்லை வண்ணார்பேட்டையோடு நின்றுவிட்டது. எங்களுக்குத்தான் நிற்கவில்லை. மற்ற நாட்களில் மாநகரச் சாக்கடையைச் சுமந்துகொண்டு தவறாமல் வருகிறது. அதற்கு ஏன் சுற்றுலாக் கட்டுரை எழுதுவதில்லை?

ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். பழைய மறுப்புடன் கூடுதுறைப் புகைப்படம் ஒன்றும் அனுப்பியிருந்தேன். அப்பா எடுத்தது, வேறு பிரதி இல்லை. தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.