போகொட பாலத்தின் கூரையை மழைக்கு முன் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் பற்றித் தங்கள் வார மலரில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 1921இல் கட்டி முடித்த பாலம் அது. அதே பதுளை மாவட்டத்தில், ஹாலி-எலயிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் உள்ளே, அதைவிடப் பன்மடங்கு வயதான பாலம் ஒன்று இருக்கிறது. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க எல்ல ஊர் வரை வருகிறவர்களில் பலர் இந்தப் பழைய பாலத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

போகொட மரப் பாலத்தைத்தான் சொல்கிறேன். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய பாதையில், கல்லந்த ஓயா என்னும் ஆற்றுக்கு மேலே, பழைமையான விகாரையின் அருகில் நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். நீளம் 50 அடி அளவில் இருக்கும். அகலம் 6 அடிதான். தலையில் சுமையோடு இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். பலா, மருது போன்ற வைரம் பாய்ந்த மரங்களை இழைத்து, மர ஆணி அடித்தே பூட்டியிருக்கிறார்கள். மேலே, வீட்டுக்கு வேய்ந்ததுபோல் ஓட்டுக் கூரை.

அந்தக் கூரைக்காகத்தான் இந்தக் கடிதம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அது உதவியிருக்கும். ஆனால் பாலம் இத்தனை காலம் நின்றதே அதனால்தான். நனைந்த மரம் உடனே காய்ந்துவிட்டால் கெடுதியில்லை. மர ஆணி இறங்கிய துளையில் ஈரம் தங்கினால், அங்கிருந்துதான் உளுக்கத் தொடங்கும். துளை தளர்ந்தால் ஆணி ஆடும், ஆணி ஆடினால் உத்தரம் அசையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதற்கு ஒரே ஓர் ஓடு விலகினாலே போதும்.

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது பெய்யும். ஆகவே ஒவ்வொரு புரட்டாசியிலும் தொல்பொருள் திணைக்களத்தின் தச்சர் ஒருவர் ஏறிப் பார்த்து, உடைந்த ஓட்டை மாற்றி, சேர்ந்த சருகை அள்ளிவிட வேண்டும். பெரிய செலவில்லை. பழுதான பிறகு கோடி கொட்டினாலும் அந்தக் காலத்து மரம் திரும்பி வராது.

நெருப்பையும் சொல்ல வேண்டும். சுவிற்சர்லாந்தின் லூசர்ன் நகரில், 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கூரையிட்ட மரப் பாலத்தின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் எரிந்துபோனது. அங்கே வாழும் நம் உறவுகளுக்கு அது தெரிந்த பாலம். அடுத்த ஆண்டே திருத்திக் கட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த பழைய ஓவியங்களில் பெரும்பாலானவை போனது போனதுதான். போகொடவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பாலத்தில் சிகரெட் பற்றவைக்காதீர்கள். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களே, கைபிடி மரத்தில் பெயர் கீற விடாதீர்கள்.

வரும் மழைக்கு முன்பே தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, கூரையின் நிலையை அருகிலிருந்து படமெடுத்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹாலி-எல