தீர்ப்பு நகல் போதாது, படிவம் 8332 வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் பிரிந்து வாழும் பெற்றோர் பலர், 'ஒற்றைப்படை ஆண்டில் அப்பா, இரட்டைப்படை ஆண்டில் அம்மா' என்று விவாகரத்துத் தீர்ப்பில் ஒரு வரி இருந்தாலே பிள்ளையை வரிக் கணக்கில் காட்டும் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறார்கள். அந்தத் தீர்ப்பு மாநில நீதிமன்றத்துடையது. மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பார்ப்பது மத்திய வரிச் சட்டத்தை. 2008-க்குப் பிந்தைய தீர்ப்பாக இருந்தால், பிள்ளையைக் காட்டும் உரிமையை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் படிவம் 8332-க்குப் பதிலாக அதன் நகலை இணைக்க முடியாது.

ஐ.ஆர்.எஸ். கேட்கும் முதல் கேள்வி, அந்த ஆண்டில் பிள்ளை யாரிடம் அதிக இரவுகள் இருந்தது என்பதுதான். ஒருவரிடம் 183, மற்றவரிடம் 182 என்றால் உரிமை முதலாமவருக்கே. பராமரிப்புத் தொகை முழுவதையும் மற்றவர் கட்டினாலும் இது மாறாது. சுற்றுலா கூட்டிப் போன இரவுகள் கூட்டிப் போனவருக்குச் சேரும். கோடையில் ஊருக்குத் தாத்தா பாட்டியிடம் அனுப்பிய இரவுகளோ, அந்த நாட்களில் பிள்ளை வழக்கமாக யாரிடம் இருந்திருக்குமோ அவருக்குச் சேரும். இங்கேதான் சண்டை வருகிறது. எனவே இருவரும் பார்க்கக்கூடிய ஒரே நாட்காட்டியில் ஜனவரி முதலே குறித்து வாருங்கள். பள்ளி, மருத்துவமனைப் பதிவுகளில் உள்ள முகவரியும் சாட்சியாகும். இரவுகள் சரிசமமானால், சரிக்கட்டிய மொத்த வருமானம் அதிகமுள்ளவருக்கு உரிமை.

குறைந்த இரவு உள்ளவர் சைல்டு டாக்ஸ் கிரெடிட் (பிள்ளைக்கான வரிச் சலுகை) பெற வேண்டுமானால், அதிக இரவு உள்ளவர் படிவம் 8332-இல் கையெழுத்திட்டுத் தர வேண்டும். 2025-க்கு அந்தச் சலுகை 17 வயது நிரம்பாத, சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள பிள்ளைக்கு 2,200 டாலர் வரை. ஆனால் 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு' (குடும்பத் தலைவர் என்று வரி குறைவாகத் தாக்கல் செய்யும்) தகுதி, உழைப்பு வருமானச் சலுகை, டே கேர் செலவுச் சலுகை மூன்றும் படிவத்தோடு போவதில்லை. அவை பிள்ளை அதிக இரவுகள் இருக்கும் வீட்டுக்கே உரியவை. இது தெரியாமல் இருவரும் ஒரே பிள்ளையைக் காட்டி 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு' என்று போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

விட்டுக்கொடுப்பதால் யாருக்காவது பயன் உண்டா என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாகத் தாக்கல் செய்பவரின் வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால், ஒவ்வொரு 1,000 டாலருக்கும் சலுகையில் 50 டாலர் குறையும். 2,44,000 டாலர் சம்பாதிப்பவருக்கு 2,200 டாலரும் கரைந்துவிடுவதால், ஒரு பிள்ளைக்கான படிவம் வெறும் காகிதம்.

இருவருமே ஒரே பிள்ளையைக் காட்டிவிட்டால், இரண்டாவதாக மின்வழி அனுப்புபவரின் ரிட்டர்ன் பொதுவாகத் திரும்பி வரும். ஐ.ஆர்.எஸ். தரும் ஐ.பி. பின் என்ற அடையாளப் பாதுகாப்பு எண்ணைச் சேர்த்தோ, தாளில் அஞ்சலிலோ அதை அனுப்பலாம். பிறகு, அதே பிள்ளையை வேறொருவரும் காட்டியிருக்கிறார் என்று சொல்லும் சி.பி.87ஏ கடிதம் இருவருக்கும் வரும். தகுதியில்லாதவர் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தாவிட்டால் தணிக்கை வரும். வரியை வட்டியோடு கட்ட நேரும்.

ஒப்பந்தம் எழுதும்போதே, எந்தத் தேதிக்குள் படிவம் கைக்கு வர வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு, படிவத்தின் பகுதி 2-இல் 'எதிர்காலம் முழுவதும்' என்று எழுதித் தராமல், பகுதி 1-இல் ஆண்டுக்கு ஒருமுறை தருவதே நல்லது. கொடுத்ததைப் பகுதி 3 மூலம் திரும்பப் பெறலாம். ஆனால் மற்றவருக்குத் தெரிவித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் அது செல்லும்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு தயாரிக்கும் வாசகர்