கீழவாசல் டெய்லர் பாய்க்கும், மற்ற எல்லோருக்கும்

முதுகெலும்பில் விழுந்த விரிசலுக்காக மகளுக்குப் போட்டிருந்த பெல்ட்டை நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பெல்ட் என்று பேர்தான், அது ஒரு பிளாஸ்டிக் கூடு. ஐந்து மாதமாகக் குளிக்கிற, பயிற்சி செய்கிற நேரம் தவிர அவள் இடுப்பை விட்டு இறங்காதது, இப்போது கழுவிக் கொல்லைக் கயிற்றில் தொங்குகிறது. என்ன நடந்தது, எப்படி ஆரம்பித்தது என்பதெல்லாம் எங்கள் தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெரியும். திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாரும் வருத்தப்பட வேண்டாம், முதல் நன்றி டெய்லர் பாய்க்குத்தான்.

ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பார்த்தார். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கிக் குழி விழுந்திருப்பதும், வயிறு முன்னே தள்ளி நிற்பதும் எனக்கே அன்றுதான் கண்ணில் பட்டது. குனியச் சொன்னார். குனியும்போது குழி நிரவிவிட்டால் வளைவு இறுகவில்லை என்று அர்த்தமாம். இவளுக்குப் பாதிதான் நிரவியது. மல்லாக்கப் படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொன்னபோது, மற்றத் தொடை மேசையை விட்டுத் தானாக எழும்பியது. இடுப்பின் முன்பக்கத் தசை இறுகியிருந்தால் அப்படித்தான் எழும்பும் என்றார். கடைசியாக ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயச் சொன்னார். அதில்தான் கத்திவிட்டாள்.

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளில் முதலாவதின் மேல்விளிம்பிலும், அவற்றுக்குக் கீழே உள்ள திருவெலும்பின் மேல்விளிம்பிலும் கோடு போட்டு இரண்டுக்கும் நடுவே அளந்தார். 71 பாகை. அந்த இடத்தில் எல்லோருக்கும் உள்வளைவு இருக்கத்தான் வேண்டும், ஆளுக்கு ஆள் மாறும், பொதுவாக 40-லிருந்து 60 வரை இருக்கலாம் என்று விளக்கிவிட்டுக் கேட்டார்: "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவள் நான். பதின்மூன்று வருஷம் பின்னாலிருந்தே பார்த்திருக்கிறேன், பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சீருடையை வாங்கப் பாய் கடைக்குப் போனேன். பெல்ட் போட வேண்டியிருக்குமாம், கொஞ்சம் லூசாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் போனது. விஷயத்தைச் சொன்னதும் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். "பாப்பாவுக்குப் பின்பக்கம் பாவாடை தூக்குதும்மா. நான் பார்த்தேன். ஒடம்பு வாகுன்னு நெனச்சுப் பின்னால துணி கூட விட்டுச் சமமாத் தைச்சுட்டேன். மறைச்சுல்ல தைச்சுட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. குழந்தையின் பாவாடை ஓரம் அத்தனை வருஷமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறதே என்று அவர் தையலை மெச்சிக்கொண்டிருந்தவள் நான்.

வெட்டும் மேசைக்கு அடியிலிருந்து பழைய அளவு நோட்டை எடுத்தார். பாவாடை நீளம், இஞ்ச் கணக்கில். 2025 ஜூன்: முன் 30, பின் 31¼. 2024: முன் 28½, பின் 28¾. அதற்கு முந்தைய நோட்டு வீட்டில் இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஓ.பி. வரிசையில் நாங்கள் நிற்கிறோம், பாய் வருகிறார். கையில் அட்டை கிழிந்த நோட்டு. 2023: முன் 27, பின் 27. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் ஒரு தையல்காரர் அரை நாள் கடையை மூடுவது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாதித் தெருப் பிள்ளைகளின் சீருடை அவர் மேசையில் கிடந்தது. போனில் சொல்லியிருக்கலாமே பாய் என்றேன். "நோட்டைப் பார்த்தாத்தானே டாக்டர் நம்புவாங்க" என்றார்.

டேப் அளவை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் மூன்று பக்கங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழி பெரும்பாலும் கடைசி ஒரு வருஷத்தில் விழுந்தது போலிருக்கிறது, எலும்பில் விரிசல் இருந்தால் அதுவும் புதிதாக இருக்கலாம் என்றார். எம்.ஆர்.ஐ.யும் அதையே காட்டியது. இடுப்புப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பின் பின்வளையத்தில் விரிசல், எலும்புக்குள் வீக்கம். நல்லவேளை, எலும்பு முன்னால் நழுவவில்லை. விரிசல் புதிது என்றால் ஓய்விலும் பெல்ட்டிலும் கூடிவர வாய்ப்பு இருக்கிறதாம். பழசாகிப் போனால் அவ்வளவு சுலபமில்லையாம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஐந்து மாதத்தை ஓட்டினேன்.

இதோடும் பாய் விடவில்லை. பெல்ட் வந்த இரண்டாம் நாளே அக்குளுக்குக் கீழே, உள்ளே போட்ட துணியின் தையல் அழுந்திச் சிவந்துவிட்டது. மென்மையான பழைய வேட்டித் துணியில் ஆறு பனியன், தையலெல்லாம் வெளிப்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். காசு கேட்டதற்கு, "வெளிப்பக்கம் தையல் தெரியிற உருப்படிக்கு எந்த டெய்லரும் கூலி வாங்க மாட்டான்" என்றார்.

மற்றவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். பிசியோதெரபி தங்கைக்கு: மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, முதுகைத் தரையில் அழுத்தும் பயிற்சியை, "அடியில் வைத்திருக்கிற அம்மா விரலை நசுக்கு பார்ப்போம்" என்று விளையாட்டாக்கிக் கொடுத்ததற்கு. முதல் வாரம் என் விரல் தாராளமாகப் போய் வந்தது. நான்காம் மாதம் வலித்தது. அவ்வளவு சந்தோஷமான வலி எனக்கு வந்ததில்லை. கேட்காமலே மாடிப்படி ஏறாத வகுப்பறைக்கு மாற்றிக் கொடுத்த தலைமையாசிரியைக்கும், பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து நின்ற ஆட்டோ தம்பிக்கும், எதிர்வீட்டு மாமிக்கும் நன்றி. சக்கராசனம் செய்யச் சொன்ன சொந்தக்காரர்களுக்கும் நன்றிதான், நல்ல மனதோடு சொன்னீர்கள். பின்னால் வளைவதுதான் இவளுக்கு ஆகாதது என்று பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே பாடம் நன்றாக மனப்பாடமானது.

மகளுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காருகிற அரைமண்டியில் தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பாத பிள்ளை முதுகைக் குழித்து ஒப்பேற்றிவிடும். என் மகள் அதைத்தான் செய்திருக்கிறாள், நன்றாக உட்காருகிறாள் என்று நாங்களெல்லாம் கை தட்டியிருக்கிறோம். டீச்சர் தானே வீட்டுக்கு வந்து, பிசியோதெரபி தங்கையிடம் பேச வேண்டும் என்று நம்பர் வாங்கிப் போனார். இப்போது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் மாதம் ஒரு தடவை பக்கவாட்டில் நிற்க வைத்துப் பார்க்கிறார். ஆட முடியாத ஐந்து மாதமும் மகளைப் பக்கத்தில் உட்கார்த்தித் தாளம் போடச் சொன்னார். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. இனி என் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்திலிருந்தும் பார்ப்பேன் என்று நானும் சபதம் போட்டிருக்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பாய் கடைக்குத்தான் போனோம். பொங்கலுக்குப் பாவாடைத் துணியோடு. மகளைத் திருப்பி நிற்க வைத்து அளந்தார், காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதினார், நோட்டை என் பக்கம் திருப்பினார். முன் 30½, பின் 31¼.

"இன்னும் முக்கால் இஞ்ச் இருக்கும்மா" என்றார். "பொங்கலுக்கு நாள் கெடக்கு. கிட்ட வரட்டும், மறுபடி ஒரு தடவை அளந்துட்டு வெட்டுறேன்."