எர்த் அறுந்தாலும் இயந்திரம் ஓடும்

சிட்னி,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும், பட்டறையில் வேலை செய்யும் தம்பிமாரும் நலமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். பிளக்குகளில் துண்டு கட்டிவிடுவதற்கென்று ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்களா என்று சென்ற கடிதத்தில் வியப்போடு கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். மின்கருவிகளைப் பரிசோதித்து, அதற்கு அடையாளமாக ஒரு துண்டைக் கட்டிவிடுவதுதான் என் வேலை. இது அந்த வேலையைப் பற்றிய செய்தி மட்டுமல்ல, திருகோணமலை உள்துறைமுகக் கரையில் நீங்கள் நடத்தும் படகுப் பட்டறைக்கும் உரிய விடயம்.

இங்கே ஒரு வேலைத்தலத்தில் இருக்கும் மின்கருவி எவரையும் தாக்காது என்பதை உறுதிசெய்வது முதலாளியின் கடமை. ஈரம், வெப்பம், அதிர்வு, இடிபடுதல், அரிக்கும் இரசாயனம், தூசி ஆகியவற்றால் கருவி பழுதடையக்கூடிய இடமானால், தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு அதை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டவிதி சொல்கிறது. எப்படிப் பரிசோதிப்பது, எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்பதை அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொதுவான 3760ஆம் இலக்க நியமம் வகுத்துத் தந்திருக்கிறது. தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை. இடத்தைவிட்டு அசையாத அலுவலகக் கருவிகளுக்கு 5 ஆண்டு வரை செல்லலாம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் 3 மாதத்துக்கு ஒருமுறை என்பதால், அங்கே துண்டின் நிறமும் காலாண்டுதோறும் மாறும். டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை சிவப்பு, அடுத்த மூன்று மாதம் பச்சை, பிறகு நீலம், இப்போது மஞ்சள். பச்சைத் துண்டோடு எவராவது இரும்பு தேய்க்கும் கிரைண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால், மேற்பார்வையாளர் தூரத்தில் நின்றே அவரை மறித்துவிடுவார். சோதித்தவர் யார், சோதித்த நாள் எது, அடுத்த சோதனை எப்போது என்பவை அந்தத் துண்டில் எழுதப்பட்டிருக்கும்.

கருவியைப் பழுதாக்கும் என்று மேலே எழுதிய ஆறில் நம் பட்டறையில் எது இல்லை, அண்ணா? மழைக்காலத்து ஈரம், தகர கூரையின் வெக்கை, கிரைண்டரின் அதிர்வு, படகைப் புரட்டும்போது வயர்மேல் விழும் இரும்பு, ரெசின், பைபர் தூசி எல்லாமே இருக்கின்றன. இவற்றுக்கு மேலாகத் திருமலையின் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

பரிசோதனை என்றதும் மீற்றரை நினைக்க வேண்டாம். முதல் வேலை கண்ணுக்கும் கைக்கும்தான். நான் ஒதுக்கிவைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை மீற்றரைத் தொடும் முன்பே பிடிபட்டவை. பிளக்கின் முள் கருகியிருக்கிறதா, உடைந்த மூடிக்குள் செம்பு தெரிகிறதா, ஒட்டுநாடாவைச் சுற்றி மறைத்த வெட்டு எங்கேனும் உண்டா என்று வயரின் முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே உருவிப் பார்ப்பேன். கிரைண்டரின் உடம்புக்குள் வயர் நுழையும் இடத்தை இரண்டு முறை பார்ப்பேன். கருவியை வயரில் பிடித்துத் தூக்கும் பழக்கம் எங்கும் உள்ளது. அதனால் வெளியுறை வழுகி, உள்ளே இருக்கும் நிறக்கம்பிகள் வெளியே தெரியும். ஒட்டுநாடா அங்கே ஒரு பாதுகாப்பும் தராது. அது பழுதைச் சரிசெய்வதில்லை, பிறர் கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே செய்கிறது.

மீற்றர் எதற்கு என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். அண்மையில் ஒரு பேக்கரியில் மாப் பிசையும் இயந்திரத்தைச் சோதித்தேன். விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இயந்திரம். சத்தத்திலும் வேகத்திலும் ஒரு குறையும் இல்லை. மீற்றரின் ஒரு முனையை, கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பிக்குரிய பிளக்கின் முள்ளிலும், மறுமுனையை இயந்திரத்தின் வர்ணம் படாத திருகாணி ஒன்றிலும் பொருத்தினேன். தடை 1 ஓமுக்கு மேல் போகக்கூடாது, 0.2 என்று காட்டியது. ஆனால் வயரை வளைத்தும் அசைத்தும் பார்க்காமல் அந்த எண்ணை நம்பக்கூடாது என்பது இத்தொழிலின் பழக்கம். இயந்திரத்துக்குள் நுழையும் இடத்தில் வயரை வளைத்ததும் எண் துள்ளி எல்லையைக் கடந்தது; விட்டதும் மீண்டும் 0.2. உள்ளே எர்த் கம்பியின் இழைகள் அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடந்திருக்கின்றன. மின்சாரம் வரும் உயிர்க்கம்பியோ அது திரும்பும் நொதுமற்கம்பியோ அறுந்தால் இயந்திரம் நின்றுவிடும், அன்றைக்கே ஆள் பிடித்துத் திருத்திவிடுவார்கள். எர்த் அறுந்தால் எதுவுமே நிற்காது. என்றோ ஒருநாள் உயிர்க்கம்பி இயந்திரத்தின் இரும்பு உடம்பில் முட்டும்போது, அந்த மின்சாரம் நிலத்துக்குப் போக வேறு வழியில்லாமல் இயந்திரத்தைத் தொட்டு நிற்பவர் ஊடாகவே போகும். "ஓடுதுதானே" என்று நம் ஊரில் எல்லாரும் சொல்லும் பதிலை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். மாப் பிசைய ஆள் நின்றுகொண்டிருந்தபோதும், ஆபத்து என்று எழுதிய துண்டைக் கட்டி அந்த இயந்திரத்தை நிறுத்திவைத்தேன்.

அடுத்த சோதனை, வயர்களைச் சுற்றியுள்ள, மின்சாரத்தைக் கடத்தாத காவலிக்கு உரியது. ஊரில் மின்வேலை செய்பவர்கள் மெகர் என்று சொல்லும் கருவி செய்யும் வேலைதான் இது. 500 வோல்ற்று கொடுத்துப் பார்க்கும்போது காவலித் தடை 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. உப்புக்காற்று கெடுப்பது இதைத்தான். கிரைண்டரின் காற்றுத் துளைகளுக்குள் படியும் தூசியில் உப்பும் சேர்ந்தால், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மின்சாரம் கசிய வழி செய்துவிடும். எர்த் பூட்டிய ஆணிகளிலும் பச்சை பிடிக்கும், தொடுப்பு தளரும். வெயில் நாளில் சோதனையில் தேறிய கருவி, ஐப்பசி மழை தொடங்கியபின் தேறாமற் போகலாம்.

பியூஸ் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொண்டால், நம் ஊரின் 230 வோல்ற்று அதனூடாக 230 மில்லி அம்பியரைச் செலுத்தும். இதயத்தை நிறுத்த அது போதும். 13 அம்பியர் பியூசுக்கோ அது ஒரு பொருட்டே அல்ல. பியூஸ் வயரைத் தீயிலிருந்து காக்குமே தவிர ஆளைக் காக்காது. ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். போன மின்னோட்டமும் திரும்பி வந்ததும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டினால் ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஆனால் நீண்டநாள் அசையாத பொறிமுறை இறுகிப்போகும் என்பதால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

நம் பட்டறையில் இரண்டு முள் பிளக்கை மூன்று துவாரமுள்ள 13 அம்பியர் பேஸில் செருகுவதற்கு, மேல் துவாரத்தில் பேனா மூடியைக் குத்திப் பிடிப்பார்கள். அதை இனி ஒருவரும் செய்ய விடாதீர்கள். அந்த மேல் துவாரம் எர்த்துக்குரியது; எர்த் முள் முதலில் நுழைந்தால்தான் கீழ்த் துவாரங்களின் மூடி விலகும்படி அதைச் செய்திருக்கிறார்கள். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த, இரட்டைக் காவலியுள்ள கருவிக்கு எர்த் தேவையில்லை. அதற்கும் சரியான 13 அம்பியர் பிளக்கையே மாட்டுங்கள். அந்தக் குறியில்லாத இரும்பு உடம்புக் கருவி எர்த் இல்லாமல் ஓடவே கூடாது.

மழைக்கு முன் பட்டறைக் கருவிகளுக்கெல்லாம் இலக்கமிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஒருவர் வயர்களை உருவிப் பார்க்கட்டும். மெகர் வைத்திருக்கும் மின்வேலையாளை ஒருநாள் அழைத்து, கருவிகளையும் நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியையும் அளந்து தரச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, பழுதான கருவியைக் கொண்டுவந்து காட்டும் பையனை ஏசவோ சம்பளத்தில் கழிக்கவோ வேண்டாம். ஏச்சுக்குப் பயந்தவன்தான் ஒட்டுநாடாவைத் தேடுகிறான். தன் உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் வேலையை நிறுத்தும் உரிமையை இங்கே 2011ஆம் ஆண்டுச் சட்டமே தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. நம் பட்டறையில் அந்த உரிமையை நீங்களே உங்கள் வாயால் கொடுக்கலாம்.

பதில் எழுதும்போது, பட்டறை போர்டில் உள்ள ட்ரிப் சுவிட்சின் முகப்பில் எந்த எண் உள்ளது என்று பார்த்து எழுதுங்கள். 30 mA (மில்லி அம்பியர்) அல்லது 0.03 A என்றிருந்தால் நல்லது. 100 mA அல்லது 300 mA என்றிருந்தால் அது தீயைத் தடுப்பதற்காகப் பூட்டியது. கருவிகள் பூட்டும் பேஸ்களுக்கு 30இல் தனியாக ஒன்று போட வேண்டும். அதற்கான பணத்தை நான் அனுப்புகிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி