புது கேரக்டர் தொடங்குவதா? விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுகளின் முதல் திரையில் 'புதிய கேரக்டர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களில் நானும் ஒருத்தி. எந்த விளையாட்டு என்பது முக்கியமில்லை, பெரும்பாலான எம்எம்ஓக்களில், அதாவது ஏராளமானவர்கள் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளில், கதை ஒன்றுதான். பல வருடம் வளர்த்த மெயின், அதாவது முதன்மைக் கேரக்டர், ஒன்று இருக்கிறது. அது டாங்க். எல்லாருக்கும் முன்னால் நின்று அடி வாங்குவது அலுத்துவிட்டது, கொஞ்ச நாள் பின்வரிசையில் நின்று மந்திரம் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை. இவ்வளவுதான் விஷயம். இந்தச் சின்ன ஆசைக்கு எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தபோதுதான் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

'இவ்வளவு நேரம் போட்டுவிட்டு இப்போது விடலாமா' என்று கில்டில், அதாவது கூட ஆடும் குழுவில், கேட்பார்கள். அந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்யவில்லை. போன நேரம் போனதுதான், அது நன்றாகவும் போனது. எந்த டஞ்சனில் (எதிரிகள் நிறைந்த குகையில்) எந்த மூலையில் ஒதுங்க வேண்டும், காயம் ஆற்றும் ஹீலர் எப்போது திணறுவார், எந்தக் குவெஸ்டை (பணியை) விட்டுத்தள்ளலாம் என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. இரண்டாவது கேரக்டர் முதலாவதைவிட வேகமாக வளர்வதற்குக் காரணமே அதுதான். என்னைத் தயங்க வைப்பது வேறு. நான் சம்பாதித்தவற்றில் எது எனக்குச் சொந்தம், எது அந்தக் கேரக்டருக்குச் சொந்தம் என்று நீங்கள் ஒரு கோடு போட்டிருக்கிறீர்களே, அந்தக் கோடு.

புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக அப்படி நினைப்பதில்லை. சிலர் பில்டை, அதாவது கேரக்டரின் திறமைகளைத் தேர்ந்து அமைத்த விதத்தை, கெடுத்துக்கொண்டவர்கள். டயாப்லோ 2 என்ற விளையாட்டு வெளிவந்தது 2000இல். அதில் ஸ்கில் புள்ளியை ஓரிடத்தில் போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. பத்து வருடம் கழித்து, 2010இல் வந்த 1.13 பேட்ச் என்ற புதுப்பிப்பில்தான் புள்ளிகளைத் திரும்பப் பெற்று மாற்றிப் போடும் வசதி கிடைத்தது. அதுவரை தவறான பில்டுக்கு ஒரே மருந்து புது கேரக்டர். அந்தக் கண்டிப்புதான் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பைக் கொடுத்தது என்று வாதிடுகிற பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. விவரம் தெரியாத வயதில், அதாவது லெவலில், எடுத்த முடிவுக்காக ஒருவரை வாசலுக்குத் திருப்பி அனுப்புவது மதிப்பு ஆகாது. புள்ளிகளை மாற்ற விலை வையுங்கள், விளையாட்டுக்குள் கிடைக்கும் தங்கத்தில் வையுங்கள், கதவை மட்டும் அடைக்காதீர்கள்.

இன்னும் சிலர் நண்பர்கள் வேறு சர்வருக்குப் போய்விட்டதால் தொடங்குகிறார்கள். இதற்குப் புது கேரக்டர் தேவையே இல்லை, சர்வர் மாற்றம் போதும். அடுத்து, பேட்ச் ஒன்றில் தங்கள் கிளாஸ் (கேரக்டரின் வகை) பலவீனமாகிவிட்டதால் 'ரீரோல் பண்ணு', அதாவது வேறு கிளாஸில் புதிதாகத் தொடங்கு, என்று ரெய்டு (பெரிய கூட்டுச் சண்டை) தலைவர் சொல்லக் கேட்டவர்கள். இங்கே பாதிப் பழி உங்களுடையது, பாதி ரெய்டு தலைவர்களுடையது. அடுத்த பேட்ச் வந்தால் இதே கிளாஸ் மேலே வரும், அப்போது பழைய கேரக்டரைத் தேடுவார்கள். ஒரு பேட்சை நம்பிப் புதிதாகத் தொடங்காதீர்கள் என்றுதான் நான் புதியவர்களிடம் சொல்வேன்.

மிச்சமிருப்பவர்கள் என்னைப் போன்றவர்கள். கேரக்டர் கெடவில்லை, நண்பர்களும் இருக்கிறார்கள், ஆனால் வேறொரு ஆளாக இருந்து பார்க்க வேண்டும். இந்த ஆசைக்கு ஒரு பதிலை 'ஃபைனல் ஃபேன்டஸி 14' வைத்திருக்கிறது. ஒரே கேரக்டர் எல்லாத் தொழில்களையும் கற்கலாம். கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றினால் தொழில் மாறிவிடும். டாங்காக இருந்தவள் அடுத்த நிமிடம் மந்திரம் போடும் மேஜ். அந்தத் தொழிலை மட்டும் கீழிருந்து வளர்க்க வேண்டும், பெயரும் நட்பும் வீடும் அப்படியே இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் உண்மையாகவே இரண்டாவது கேரக்டர் வேண்டும் என்று அங்கே ஒருவர் நினைத்தால் அந்த நீண்ட மையக் கதையை முதலிலிருந்து கடக்க வேண்டும், இல்லை பணம் கட்டித் தாண்ட வேண்டும். தொழில் மாற்றம் எளிதான அளவுக்கு ஆள் மாற்றம் கடினம்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஈவ் ஆன்லைன். 2003இல் தொடங்கிய அந்த விளையாட்டில் திறமைகள் நிஜ நேரத்தில் வளரும். நீங்கள் ஆடாமல் தூங்கினாலும் வளரும். அதனால் விண்கலம் ஓட்டும் புது பைலட் எவ்வளவு வெறியோடு ஆடினாலும் பழையவரைத் திறமைப் புள்ளிகளில் எட்டிப்பிடிக்க முடியாது, நாள்காட்டிதான் அங்கே லெவல். 2016இல் ஒருவரிடமிருந்து எடுத்த புள்ளிகளை இன்னொருவர் வாங்கி ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அப்புறம் எட்டிப்பிடிக்க முடிந்தது, செலவழிக்க முடிந்தவர்களால்.

இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2014இல் ஒரு கேரக்டரை நேராக 90ஆம் லெவலுக்கு ஏற்றும் பூஸ்ட்டை விற்கத் தொடங்கியது. பிறகு பலரும் அதே வழியில் போனார்கள். நேரமில்லாதவர்களுக்கு உதவி என்கிறீர்கள். சரி. ஆனால் தொடக்க லெவல்கள் எவ்வளவு சலிப்பாக இருக்கின்றனவோ அவ்வளவு நன்றாக பூஸ்ட் விற்கும். அந்த லெவல்களை உருவாக்குகிறவரும் அவற்றைத் தாண்டிப்போக டிக்கெட் விற்கிறவரும் ஒருவரே என்றால், அவற்றைச் சுவையாக்க உங்களுக்கு என்ன அவசரம்? இது உங்கள் நேர்மையைப் பற்றிய சந்தேகம் இல்லை. இப்படி ஒரு வியாபாரத்தை வைத்துக்கொண்டு நேர்மையாக இருப்பது கடினம் என்கிறேன். பூஸ்ட் வாங்கியவருக்கும் லாபம் குறைவு. திடீரென்று முப்பது பொத்தான்கள் கையில் இருக்கும், எதை எப்போது அழுத்துவது என்று தெரியாமல் முதல் டஞ்சனிலேயே திட்டு வாங்குவார்.

முதல் லெவலிலிருந்து ஆட யாருக்கும் விருப்பமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2019 ஆகஸ்டில் அதே விளையாட்டின் பழைய வடிவம் 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பி வந்தபோது சர்வருக்குள் நுழையவே வரிசையில் காத்திருந்தார்கள். உள்ளே போனவர்கள் எல்லாரும் முதல் லெவல்தான், மெதுவாக நடந்துதான் போக வேண்டும். 2023இல் ஹார்ட்கோர் சர்வர்கள் வந்தன. ஒரு முறை செத்தால் கேரக்டர் அங்கே முடிந்தது. அதற்கும் ஆட்கள் போனார்கள், செத்தார்கள், மறுபடி முதல் லெவலில் வந்து நின்றார்கள். பாத் ஆஃப் எக்ஸைல் விளையாட்டில் சில மாதங்களுக்கு ஒரு முறை லீக் என்ற புது ஆட்டப் பருவம் தொடங்கும், எல்லாரும் வெறுங்கையோடு ஒரே நாளில் இறங்குவார்கள். லீக் முடிந்தால் அந்தக் கேரக்டர் அழியாது, நிரந்தர லீக்குக்குப் போய்விடும்.

இவற்றிலெல்லாம் இழப்பு இருக்கிறது, ஆனாலும் யாரும் புலம்பவில்லை. கூட ஆள் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் விளையாட்டில் தொடக்க ஊர்கள் காலி. ஐந்து பேர் சேர்ந்து போக வேண்டிய குகை வாசலில் நான் மட்டும் நிற்பேன், உலக சாட்டில் கூப்பிட்டால் பதில் வராது. எல்லாரும் உச்ச லெவலில் இருக்கிறார்கள், நீங்கள் புதிதாகச் சேர்ப்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் எல்லாரும் எழுந்துபோன பிறகு உட்காருகிறவருக்கு இலையில் குறைவிருக்காது, ஆனாலும் அவர் அள்ளிப்போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். புது கேரக்டரை அவசரமாக ஓட்டுகிறவர்களின் நிலை அதுதான். பழைய கேரக்டர்களின் லெவலைக் குறைத்து அந்த இடங்களில் இறக்கிவிடும் முறை பல விளையாட்டுகளில் இருக்கிறது. அவர்கள் அங்கே வருவதற்கு ஒரு காரணத்தையும் கொடுத்தால் போதும்.

எது எனக்குச் சொந்தம், எது கேரக்டருக்குச் சொந்தம் என்ற அந்தக் கோட்டுக்கு வருகிறேன். ஊர்களிடம் சம்பாதித்த நற்பெயர், கற்றுக்கொண்ட சமையல், கொல்லர் வேலைக் குறிப்புகள், திறந்த வரைபடம், பிடித்த குதிரைகள், இவை என்னுடையவை. கேரக்டர் மாறினாலும் கூட வர வேண்டும். 2024இல் வார்கிராஃப்ட் 'வார்பேண்ட்' என்ற பெயரில் பெரும்பாலான நற்பெயரையும் ஒரு பொது வங்கியையும் அக்கவுண்ட் முழுவதற்கும் ஆக்கியது. வர இருபது வருடம் ஆனாலும் வந்தது நல்லது.

அதற்காக எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட வேண்டாம். 2022இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் சாதனைகளை அக்கவுண்ட் அளவுக்கு மாற்றியபோது ஆட்டக்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். எந்தக் கேரக்டர் எதைச் செய்தது என்ற தனிப் பதிவு கலைந்துபோனதே என்றார்கள். நான் அவர்கள் பக்கம்தான். அந்த டிராகனைக் கொன்றது என் டாங்க். புது மேஜ் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். பயன்படும் பொருள் எனக்கு வரட்டும், நடந்த கதை அந்தந்தக் கேரக்டரோடு இருக்கட்டும்.

அப்புறம் பெயர். ஒரு சர்வரில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான் என்று வைத்திருக்கிறீர்கள். கில்டில் என் நிஜப் பெயர் பலருக்குத் தெரியாது, டாங்கின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மேஜ் வேறு பெயரில் வந்தால் நான் யார் என்று ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டும். அதே பெயர் வேண்டுமானால் டாங்கின் பெயரைப் பணம் கட்டி மாற்ற வேண்டும், இல்லை அதை அழிக்க வேண்டும். ஒரு பெயருக்காக ஒரு கேரக்டரை அழிக்கலாமா என்று யோசிக்கிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது உங்கள் தரவுத்தளம். குடும்பப் பெயர் போல அக்கவுண்டுக்கு ஒரு பொதுப் பெயர் கொடுத்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. சில விளையாட்டுகள் கொடுக்கின்றன.

கடைசியாக, அழிக்கும் திரை. 'டெலீட்' என்று டைப் செய்யச் சொல்கிறீர்கள், கை தவறி அழுத்தாமலிருக்க அது உதவும். அதற்கு முன் இன்னொரு திரை வையுங்கள். இந்தக் கேரக்டர் போனால் கூடவே போகிறவை இவை, அக்கவுண்டில் தங்குகிறவை இவை, மீட்க நினைத்தால் இத்தனை நாள் அவகாசம் என்று மூன்றையும் அதில் காட்டுங்கள். இப்போது இந்தத் தகவலை நான் பழைய பேட்ச் குறிப்புகளிலும் கில்டு ஆட்களின் ஞாபகத்திலும் தேடிக்கொண்டிருக்கிறேன், இருவர் சொல்வது ஒத்துப்போகவில்லை.

அந்தத் திரை வரும்வரை டாங்கை அழிக்கப் போவதில்லை. மேஜை அதே சர்வரில், வேறொரு பெயரில் இந்த வாரம் தொடங்குகிறேன். பூஸ்ட் வாங்கப் போவதில்லை, அந்த விளம்பரத்தை எனக்குக் காட்டாமலிருந்தால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
அடி வாங்கி அலுத்த ஒரு டாங்க்