சுனைப் பாதைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். அழகர்மலையில் நம் பக்கத்து அடிவாரத்திலிருந்து சுனை வரைக்கும் போகிற ஒற்றையடிப் பாதையின் வேலை முடிந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்த சிலர் "என்னப்பா, ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கே" என்று கேட்டார்கள், அதனால்தான் அறிக்கை கொஞ்சம் நீண்டுவிட்டது. கைப்பிடி இல்லை, சிமெண்ட் இல்லை, உபயதாரர் பலகையும் இல்லை. நாம் செய்தது முக்கால்வாசி தண்ணீரைப் பாதையிலிருந்து வெளியே தள்ளுகிற வேலைதான், அது கண்ணில் படாமல் இருந்தால்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

பாதையைக் கெடுத்தது நடக்கிற ஆட்கள் என்றுதான் பலர் நினைத்திருந்தோம். ஆட்கள் பாதி, ஐப்பசி கார்த்திகை மழை மீதி. மலை எந்தப் பக்கம் சரிகிறதோ அதே பக்கம் நேராக இறங்குகிற பாதையில் மழை விழுந்தால் அது பாதை இல்லை, ஓடை. சரளை அரித்துக்கொண்டு போய் நடுவில் பள்ளம் விழும், பள்ளத்தில் கால் வைக்க முடியாமல் ஆட்கள் ஓரமாக நடப்பார்கள், அந்த ஓரத்தில் புல் செத்து அடுத்த மழைக்கு அங்கேயும் ஒரு பள்ளம். பெரிய பாறைக்குக் கீழே பாதை நாலு ஆள் அகலத்துக்கு விரிந்து கிடந்தது இப்படித்தான்.

உலகம் முழுக்கக் காட்டுப் பாதை போடுகிறவர்கள் வைத்திருக்கிற ஒரு கணக்கைத்தான் நாமும் பிடித்துக்கொண்டோம்: பாதையின் ஏற்றம் மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சரிவு 30 சதவீதம் என்றால் பாதை 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பாதையோடு ஓடாமல் பாதையைக் கடந்து கீழே போகும். இந்தக் கணக்குக்கு ஒத்துவராத இரண்டு துண்டுகளை விட்டுவிட்டு, வனத்துறை ஆட்கள் காட்டிய இடத்தில் சுற்றி வளைத்துப் போட்டிருக்கிறோம். மற்ற இடங்களில் நடைதளத்தைப் பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்த்திருக்கிறோம். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர், காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அதற்கும் கேட்காத இடங்களில் பாதைக்குக் குறுக்கே கோணலாகக் கல்வரிசை பதித்தோம். நேர்குறுக்காக வைத்தால் மண் வந்து அடைத்துக்கொள்ளும், சாய்த்து வைத்தால்தான் தண்ணீர் தானே மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ஒவ்வொரு கல்லும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கிறது, அதனால்தான் "இவ்வளவு சின்னக் கல்லா" என்று தோன்றுகிறது. தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் எடை தெரியும்.

கல் விஷயத்தில் நமக்குக் குரு, மேலூர்ப் பக்கம் குவாரியில் பல வருடம் வேலை பார்த்த நம் உறுப்பினர் அண்ணன் ஒருவர். செங்குத்தான ஒரு இடத்தில் மட்டும் படி வேண்டியிருந்தது, அதைக் கீழிருந்து மேலாகத்தான் போட வேண்டும், மேல் கல் கீழ்க் கல்லின் முதுகில் உட்கார வேண்டும் என்று சொல்லி, சரியாக உட்காராத கல்லை முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்பக் கழற்றவைத்தார். எங்களுக்குத்தான் முகம் சுளித்தது. நூறு நாள் வேலையில் கரை போட்டுப் பழகிய அக்காக்கள் மம்பட்டி பிடிப்பதைப் பார்த்தபிறகு ஜிம்முக்குப் போகிற தம்பிகள் அமைதியாகிவிட்டார்கள், அதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பாதையை மூடிக் கிடந்த உண்ணிச்செடியை வெட்டினால் போதாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே மூன்று நாலு சென்டிமீட்டரில் ஆணிவேரைத் துண்டித்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம், இப்படிப் போட்டால் மறுபடி வேர் பிடிக்காது. ஆனால் பழத்தைத் தின்னும் குருவிகள் விதையைப் போட்டுக்கொண்டேதான் இருக்கும், நாற்றுகளைப் பிடுங்குவது வருடா வருடம் உள்ள வேலை. தலைக்கு மேலே இரண்டு பக்க மரங்களும் கோத்துக்கொண்டிருக்கும் கிளைகளை ஏன் விட்டுவைத்தீர்கள் என்றும் ஒருவர் கேட்டார். தேவாங்குக்காக. அது தாவாது, கிளை விட்டுக் கிளை பிடித்துத்தான் போகும், கிளை அறுந்தால் தரையில் இறங்க வேண்டும், தரையில் இறங்கினால் நாயிடம் மாட்டும்.

குறுக்கு வழிகளைக் காய்ந்த முள்ளும் கல்லும் போட்டு அடைத்தோம். அடைத்த அடுத்த வாரமே ஒரு முள்ளை யாரோ மெனக்கெட்டு இழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க இவ்வளவு உழைப்பா? அப்புறம் சுனைக்குப் பக்கத்தில், சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கல் அடுக்குகிற இடம் இருக்கிறதல்லவா, நம் கல்வரிசைக்கு முட்டுக் கொடுத்த சின்னக் கற்களை உருவி அங்கே வீடு கட்டிவிட்டார்கள். வேண்டுதலைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதனால் கைக்கு அடங்கும் கற்களாகப் பார்த்து ஒரு குவியல் அங்கேயே போட்டு வைத்திருக்கிறோம், அதன்பிறகு வரிசையில் யாரும் கைவைக்கவில்லை.

பணத்தைப் பற்றி. வரவு செலவு ரசீதுகளோடு பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மம்பட்டி, கடப்பாரை, சம்மட்டி, கையுறை, சாப்பாடு, இவ்வளவுதான் செலவு. கல் மலையில் உருண்டு கிடந்தது, கூலி யாருக்கும் இல்லை. கடைசி நாள் வாங்கிய அழகர்கோயில் தோசை குழுவினர் கைக்காசு, கணக்கில் வராது. அடிவாரத்திலிருந்து சுனை வரை சிமெண்ட் படி போட்டுத் தருகிறேன், பெயர் மட்டும் பொறிக்க வேண்டும் என்று ஒருவர் நல்ல மனதோடு வந்தார். காப்புக்காட்டில் சிமெண்ட் வேலைக்கு நமக்கு அனுமதி கிடையாது, கிடைத்தாலும் குழு சம்மதித்திருக்காது. சிமெண்ட் படி ஓரத்தில் மண் அரித்து, அடியில் குடைந்து, ஒருநாள் பாளமாக உடைந்து சரிவதை வேறு மலைகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் கல் நகர்ந்தால் கடப்பாரையால் நெம்பித் திரும்ப வைத்துவிடலாம்.

வேலையை மார்கழியில் தொடங்கி மாசிப் பிறப்பை ஒட்டி முடித்ததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு: மழை நின்ற மண் ஈரமாக இருக்கும், தோண்ட லேசு. மாசிக்கு மேல் தீக்காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் இறந்ததற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன, தீக்காலத்தில் மேலே போக நாமும் கேட்பதில்லை, வனத்துறையும் விடுவதில்லை. கோடை மழை ஒன்று பலமாக அடித்த மறுநாள் மட்டும் வனக்காப்பாளரோடு போய்ப் பார்த்தோம். கல்வரிசைகள் நின்றன, சுற்றுப் பாதையின் முதல் திருப்பத்தில் மட்டும் தண்ணீர் உள்பக்கம் தேங்குகிறது. அங்கே இன்னொரு வரிசை வேண்டும்.

அதை ஐப்பசி முதல் மழை முடிந்த ஞாயிற்றுக்கிழமை போடுகிறோம். அன்றே எல்லாக் கல்வரிசையின் வாயிலும் சேர்ந்த மண்ணை வாரிவிட வேண்டும், வாராமல் விட்டால் இரண்டே மழையில் தூர்ந்துவிடும். அனுமதிக் கடிதத்தில் பெயர் சேர்க்க வேண்டியிருப்பதால் வருகிறவர்கள் புரட்டாசி முடிவதற்குள் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். மம்பட்டி குழுவிடம் இருக்கிறது, தண்ணீர் அவரவர் கொண்டு வர வேண்டும், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.