ஜப்பான் பயணம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தாய்லாந்து, மலேசியா என்றே குழுப் பயணங்களை நடத்திவந்த நாங்கள் இம்முறை ஜப்பானை முன்வைப்பது ஏன் என்றும், பணக்கார நாட்டுச் செலவு நமக்குக் கட்டுப்படியாகுமா என்றும் உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே விளக்குகிறோம்.

ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு 2011-இல் ஒரு நெடுங்காலக் கணிப்பை வெளியிட்டது. 2030 வரை தாய்லாந்து, மலேசியா போன்ற வளர்ந்துவரும் நாடுகளுக்குச் செல்லும் பயணிகள் ஆண்டுக்கு 4.4 சதவீதமும், ஜப்பான் போன்ற முன்னேறிய நாடுகளுக்குச் செல்வோர் 2.2 சதவீதமும் பெருகுவர் என்றும், உலகப் பயணிகளில் 1980-இல் 30 சதவீதமாக இருந்த வளர்ந்துவரும் நாடுகளின் பங்கு 2030-இல் 57 சதவீதத்தை எட்டும் என்றும் அது கூறியது. ஆனால் 2014 முதல் 2016 வரை வேகமாக வளர்ந்தவை முன்னேறிய நாடுகளே. பாதுகாப்பு அச்சத்தால், வளர்ந்துவரும் நாடான எகிப்துக்கு வந்தோர் 2010-இல் ஏறத்தாழ 1.47 கோடியிலிருந்து 2016-இல் 54 லட்சமாகக் குறைந்தனர். துருக்கியும் அந்த ஆண்டில் பெரும் சரிவைக் கண்டது.

ஜப்பானின் கதை இதற்கு நேர்மாறானது. 2013-இல்தான் அந்நாடு முதன்முறையாக ஒரு கோடிப் பயணிகளைக் கண்டது. அதே ஆண்டு தாய்லாந்து, மலேசிய மக்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தது. 2012-இல் ஒரு டாலருக்கு 80 யென் அளவில் இருந்த ஜப்பானிய நாணயத்தின் மதிப்பு, 2024-இன் நடுவில் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கும் மேல் கிடைக்கும் அளவுக்குச் சரிந்ததால், வெளியூர்க்காரருக்கு அங்கே தங்குவதும் உண்பதும் மலிவாயின. விளைவாக 2024-இல் ஜப்பானுக்கு ஏறத்தாழ 3.69 கோடிப் பேர் வந்தனர்; 2019-இல் கிட்டத்தட்ட 4 கோடிப் பேரை வரவேற்ற தாய்லாந்துக்கோ, சீனப் பயணிகள் முன்போல் திரும்பாததால், ஏறத்தாழ 3.55 கோடிப் பேரே வந்தனர். வளர்ந்துவரும் நாடுகளின் செழிப்பு அந்நாடுகளுக்கே பயணிகளைக் கொண்டுவந்தது என்பதைவிட, அந்நாட்டு மக்களையே டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் விமானமேற்றியது என்பதே எங்கள் கணிப்பு.

இதனால் ஜப்பான் எப்போதும் மலிவாகவே இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கூட்டம் பெருகியதால் கியோட்டோவில், குறிப்பாக சகுரா எனும் செர்ரிப் பூக்கள் மலரும் வாரங்களில், அறை வாடகை கடுமையாக ஏறியுள்ளது. ஆகவே எங்கள் குழுவினர் ஒசாகாவில் தங்கி, ரயிலில் கியோட்டோ சென்று திரும்புமாறு திட்டமிட்டுள்ளோம்.

தாய்லாந்தைப் போலன்றி ஜப்பானுக்கு நமக்கு விசா தேவை. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம் ஆகியவற்றைப் புறப்படும் நாளுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே எங்களிடம் தர வேண்டுகிறோம். தங்குமிடம், ரயில், உணவு ஆகியவற்றின் கட்டணத்தை யென்னில் குறிப்பிட்டு, நீங்கள் முன்பணம் செலுத்தும் நாளின் மாற்று விகிதப்படி ரூபாயில் பெற்றுக்கொள்வோம். அதன்பின் யென் ஏறினாலும் கூடுதலாகக் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
பயண நிறுவனத்தார்